ஏர் இன்டேக் மாத்தினா வண்டி இழுக்குமா, இல்ல சத்தம் மட்டும்தானா?

ஜூன் 2, வந்த கேள்வி

அண்ணே, என் வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், டர்போ (காத்தை அமுக்கி உள்ள தள்ற விசிறி) கிடையாது. 80 எச்பி, அதாவது 80 குதிரை சக்தின்னு புக்ல போட்டிருக்கு, ஆனா கொஞ்ச நாளா அதுல பாதி குதிரை லீவு போட்ட மாதிரி இருக்கு. ஓவர்டேக் பண்ண மிதிச்சா சத்தம் வருது, வண்டி நகர மாட்டேங்குது. ஏர் ஃபில்டர் போன சர்வீஸ்லதான் புதுசு போட்டது. இப்ப பாக்ஸ் இல்லாம மாட்டற கூம்பு மாதிரி கோன் ஃபில்டர், வெளிக்காத்தை இழுத்துட்டு வர்ற கோல்ட் ஏர் பைப்பு, கழுவிக் கழுவி போடற காட்டன் ஃபில்டர் மூணையும் பாத்து வச்சிருக்கேன். ஒரு டப்பால 10 எச்பி கூடும்னே இருக்கு. எதை வாங்கட்டும்?

ஜூன் 2, ராத்திரி 11.10

இப்போதைக்கு எதையும் வாங்காத தம்பி. அந்த 10 எச்பி எந்த வண்டில வந்துச்சு, எத்தனை ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), பானெட்டைத் திறந்து வச்சா மூடி வச்சான்னு டப்பால ஒரு வரி இருக்காது. நான் இந்தக் கிணத்துல ஏற்கெனவே குதிச்சு ஏறி வந்தவன். என்கிட்டயும் 1.2 தான். கோன் ஃபில்டர் போட்டேன், ஒரு வாரம் ராஜா மாதிரி ஓட்டினேன், அப்பறம்தான் புரிஞ்சுது ராஜா மாதிரி இருந்தது சத்தம் மட்டும்தான்னு.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாரு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவதான் முழு சிசியையும் உறிஞ்சும், அப்ப 6000 ஆர்பிஎம்ல நிமிஷத்துக்கு 3600 லிட்டர், சிலிண்டர் எப்பவும் விளிம்பு வரைக்கும் ரொம்பாது, 85 சதவீதம்னு வச்சுக்குவோம், 3000 லிட்டர் சொச்சம், அதாவது செகண்டுக்கு 50 லிட்டர், எடைல சொன்னா கிட்டத்தட்ட 60 கிராம் காத்து. பெட்ரோல் ஒரு பங்கு முழுசா எரிய காத்து 14.7 பங்கு வேணும், அதனால இன்டேக்கை மாத்தி பவர் கூட்டணும்னா காத்தோட எடை கூடணும், வேற வழியே இல்ல. 80க்கு மேல இன்னொரு 10 எச்பி வேணும்னா அந்த 60 கிராம் 67 கிராமுக்கு மேல போகணும். அப்படின்னா உன் ஒரிஜினல் ஃபில்டர் உள்ள வர வேண்டிய காத்துல ஒம்பதுல ஒரு பங்கை வழிமறிச்சு நிக்குதுன்னு அர்த்தம். கம்பெனில இன்ஜின் டிசைன் பண்ணவன் அவ்வளவு தூங்கிட்டானா?

ஜூன் 3

மைலேஜ் கூடுமான்னு இன்னொருத்தர் கேட்டிருக்காரு. கூடாதுங்க. பெட்ரோல் வண்டில காத்தை அடைக்கறதுக்குன்னே ஒரு தட்டு இருக்கு, த்ராட்டில். நிதானமா ஓட்டறப்ப அது முக்கால்வாசி மூடித்தான் கிடக்கும், அதுக்கு முன்னாடி ஃபில்டர் கொஞ்சம் அடைச்சாலும் உங்க கால் தன்னால ஒரு நூல் கூட மிதிச்சு அதைச் சரி பண்ணிடும். அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல இதைச் சோதிச்சே பாத்தாங்க. இன்ஜெக்ஷன் வண்டில ஃபில்டர் அடைச்சா மைலேஜ் பெருசா மாறல, முழுசா மிதிக்கறப்ப பிக்கப்தான் குறைஞ்சுது. பழைய கார்புரேட்டர் வண்டின்னா கதை வேற.

ஆக இன்டேக் விஷயம் பூராவும் முழு மிதி சமாச்சாரம். நீங்க ஒரு நாளைக்கு எத்தனை செகண்ட் முழுசா மிதிக்கறீங்கன்னு எண்ணிப் பாத்துட்டு பர்ஸைத் திறங்க.

ஜூன் 7, சனி

சும்மா வாய்ல சொல்லிட்டே இருந்தா எப்படின்னு இன்னைக்கு அளந்தே பாத்துடலாம்னு உக்காந்தேன். பெரிய மெஷின் ஒண்ணும் வேணாம். மீன் தொட்டிக்குப் போடற மாதிரி ஒல்லி ட்யூப், ரெண்டரை மீட்டர் போதும், ஒரு பலகைல யூ மாதிரி வளைச்சு டேப் ஒட்டணும், பாதி வரைக்கும் தண்ணி, பக்கத்துல ஸ்கேல். ஒரு முனையை ஃபில்டருக்கு அப்பறம் இருக்கற பைப்புல சொருகணும், இன்னொரு முனை சும்மா திறந்து கிடக்கும். இன்ஜின் உறிஞ்சறப்ப ஃபில்டர் எவ்வளவு தடுக்குதோ அவ்வளவு தண்ணி ஏறும். வெறும் தண்ணி கண்ணுக்குத் தெரியாதுன்னு நீல இங்க் கலந்தேன். அந்த புத்திசாலித்தனத்துக்கு இன்னும் அனுபவிக்கறேன்.

ஏன்னா மொத தடவ ட்யூபை நான் சொருகினது தப்பான ஓட்டைல. த்ராட்டிலுக்கு முன்னாடி சொருகணும், நான் த்ராட்டிலுக்குப் பின்னாடி மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்கு காத்தைப் பிரிச்சு விடற பைப்) போற வேக்குவம் லைன்ல சொருகிட்டேன். ஐடில்ல அங்க இருக்கற உறிஞ்சுக்கு ஆறு மீட்டர் தண்ணி ஏறும், என் ட்யூபே ரெண்டரை மீட்டர். ஸ்டார்ட் பண்ணதும் சர்ருன்னு ஒரே இழுப்பு, அவ்வளவு இங்க் தண்ணியும் இன்ஜினுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு இருமல் இருமிச்சு, அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. பலகையைப் பிடிச்சிட்டிருந்த மச்சான் பதறிப்போய் ட்யூபைப் பிடுங்கினதுல மிச்சம் இருந்தது சீட்டு மேல.

கொஞ்சூண்டு தண்ணிங்கறதால தப்பிச்சேன். ஒரு டம்ளர் போயிருந்தா பேச்சே வேற.

ஜூன் 8

சரியான ஓட்டைல சொருகி, மச்சானை பக்கத்து சீட்ல பலகையோட உக்கார வச்சு, ஆளில்லாத நேரா ரோட்ல ரெண்டாவது கியர்ல 6000 வரைக்கும் முழு மிதி. அவன் எண்ணைக் கத்துவான், நான் ரோட்டை மட்டும் பாப்பேன் (தனியா யாரும் இதை ட்ரை பண்ணாதீங்க, ஸ்கேலைப் பாக்கறதா ரோட்டைப் பாக்கறதான்னு ஆகிடும்). ஒவ்வொண்ணும் மூணு தடவ.

ரெண்டு வருஷமா கிடந்த பழைய பேப்பர் ஃபில்டர்ல தண்ணி 13 செமீ ஏறுச்சு. புது பேப்பர் ஃபில்டர் போட்டா 9. கழுவற காட்டன் ஃபில்டர், அதே பாக்ஸுக்குள்ள உக்காரற தட்டை டைப், 8. பாருங்க, ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். சரி கோன் ஃபில்டர் எவ்வளவு? 2.

முழு காத்து மண்டல அழுத்தம்கறது 1033 செமீ தண்ணி. அப்ப 9 செமீன்னா 0.9 சதவீதம், கோன் போட்டா 0.2. மிச்சம் 0.7 சதவீதம், 80 எச்பிக்கு அரைக் குதிரைல கொஞ்சம் கூட. டப்பால இருந்த 10 குதிரை அரைக் குதிரையாச்சு, கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை.

ஜூன் 8, கொஞ்ச நேரம் கழிச்சு

ஒண்ணு விட்டுட்டேன். பேப்பர் ஃபில்டரையே வச்சு, பாக்ஸ் வாய்லேர்ந்து கிரில் வரைக்கும் போற அந்த ஸ்னார்க்கல் பைப்பை மட்டும் கழட்டிட்டு ஓட்டினேன். 9 செமீ நேரா 4க்கு இறங்கிடுச்சு! ஆக, ஃபில்டர் பேப்பர் தடுக்கறதை விட அதுக்கு முன்னாடி இருக்கற குறுகலான மூக்கு அதிகம் தடுக்குது. இத்தனை நாள் ஃபில்டரைப் பத்தியே சண்டை போட்டுட்டிருந்தோம் எல்லாரும், நானும் சேத்துத்தான். குத்தவாளி பக்கத்து வீட்ல இருந்திருக்கான்.

அதுக்காக மூக்கை அறுத்து எறிஞ்சிடாதீங்க. அந்த மூக்குதான் வெளிக்காத்தை கொண்டு வருது. அது இல்லைன்னா பாக்ஸ் பானெட்டுக்குள்ள இருக்கற சூட்டைத்தான் குடிக்கும், அதைப் பத்தி தனியா எழுதறேன். வழியில தொங்கற அந்த உருண்டை டப்பா ஒண்ணும் சும்மா இல்ல, ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசொனேட்டர், பாட்டில் வாய்ல ஊதினா ஒரு சுருதி வருதில்ல அதே தத்துவம், இன்ஜின் போடற ஊளைச் சத்தத்தை அது முழுங்கிடுது. கழட்டினா பவர் வராது, ஊளை வரும்.

ஜூன் 10

மானம் போச்சு. இங்க ஒரு நண்பர் ஒத்தை வரில கேட்டாரு: "யூ ட்யூப்ல ஒரு பக்கம் எவ்வளவு ஏறுச்சோ அவ்வளவு இன்னொரு பக்கம் இறங்கியிருக்குமே, ரெண்டையும் கூட்டினீங்களா?"

கூட்டல. மச்சான் ஏறின பக்கத்தை மட்டும்தான் கத்தினான், நான் அதை மட்டும்தான் எழுதினேன். எல்லா எண்ணையும் ரெண்டால பெருக்கிக்கோங்க. பழசு 26, புது பேப்பர் 18, காட்டன் 16, மூக்கு இல்லாம 8, கோன் 4. இப்ப பேப்பருக்கும் கோனுக்கும் நடுவுல 14 செமீ, 1.3 சதவீதம் சொச்சம், அதாவது 80 எச்பில ஒரு எச்பி. அரைக் குதிரை முழுக் குதிரையாயிடுச்சு, கோன் ஃபில்டர் கட்சிக்காரங்க சந்தோஷப்பட்டுக்கலாம். பழைய ஃபில்டரை மாத்தி புது பேப்பர் போட்டதுலயே முக்கால் சதவீதம் கிடைச்சிருக்குங்கறதையும் சேத்துப் படிங்க.

ஸ்கூல்ல பிசிக்ஸ் சார் யூ ட்யூபைக் காட்டினப்ப நான் எங்க பாத்துட்டிருந்தேன்னு தெரியல.

ஜூன் 14

இப்ப சூடு.

ஓபிடி ப்ளக்குல (வண்டியோட கம்ப்யூட்டர் எண்களைப் படிக்கற ப்ளக்) சொருகற ப்ளூடூத் டப்பா இருந்தா போதும், இன்டேக் ஏர் டெம்பரேச்சர்னு ஒரு எண் ஃபோன்லயே தெரியும். நாலு நாள் அதையே பாத்துட்டு ஓட்டினேன். வெளில 33 டிகிரி. ஒரிஜினல் பாக்ஸோட நிதானமா ஓடறப்ப 38. கோன் போட்டு, தடுப்பு எதுவும் இல்லாம பானெட்டுக்குள்ள சும்மா நிறுத்தி வச்சா அதே ஓட்டத்துல 52. சிக்னல்ல அஞ்சு நிமிஷம் நின்னா 68 வரைக்கும் போச்சு, பச்சை விழுந்து கிளம்பினதும் இறங்கவே மாட்டேங்குது, ஒரு கிலோமீட்டர் போனப்பறம்தான் மெதுவா இறங்குது. நல்லா விரட்டினா 42ல வந்து நிக்குது.

காத்து சூடாச்சுன்னா லேசாயிடும். 38லேர்ந்து 52ன்னா, 273 கூட்டி 311ஐ 325ஆல வகுத்தா, 4 சதவீதத்துக்கு மேல எடை போச்சு. ட்யூப்ல சம்பாதிச்சது 1.3, சூட்டுல விட்டது 4.3. வேகமா போறப்ப 42 டிகிரிக்கு 1.3 போகும், கணக்கு நேர். லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல, சத்தம் மட்டும் மிச்சம்.

பானெட்டுக்குள்ள திறந்து கிடக்கற கோன் ஃபில்டரை கோல்ட் ஏர்னு பேர் வச்சு விக்கறவங்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி.

ஜூன் 15

நேத்து போட்டதுல பாதி தப்பு, நானே ஒத்துக்கறேன். சூட்டை நேரா வகுத்துட்டேன். உண்மையில சென்சார் பாக்கற காத்து அப்படியே சிலிண்டருக்குள்ள போறதில்ல, மேனிஃபோல்டு, போர்ட், வால்வுன்னு சுட்ட இரும்பைத் தொட்டுத்தான் போகுது. ஜில்லுன்னு வர்ற காத்து வழியில அதிகமா சூடாகும், ஏற்கெனவே சூடா வர்றது கம்மியா சூடாகும், அதனால வித்தியாசம் பாதி கரைஞ்சிடும். டைனோல (பவர் அளக்கற மெஷின்) அளந்ததை 25 டிகிரிக்கு மாத்தி எழுதறதுக்கு எஸ்.ஏ.ஈ (வண்டி இன்ஜினியர்கள் சங்கம்) ஜே1349னு ஒரு சூத்திரம் இருக்கு, அதுல டெம்பரேச்சர் விகிதத்துக்கு ஸ்கொயர் ரூட் போடுவாங்க, காரணம் இதுதான். அப்ப என் 4.3 சதவீதம் 2.2 கிட்ட வரும்.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, சூட்டுக் காத்து வந்தா நாக்கிங் (பெட்ரோல் கலவை தன்னால வெடிக்கறது) பயத்துல ஈசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கை பின்னால தள்ளும், பவர் குறையும், அது இந்தச் சூத்திரத்துல இல்ல. நம்ம ஊளைக் கோன் எப்படிப் பாத்தாலும் நிதான ஓட்டத்துல நஷ்டம்தான், வேகத்துல கொஞ்சூண்டு லாபம். நேத்து "கணக்கு நேர்"னு எழுதினதை மட்டும் அடிச்சிடுங்க.

இன்னொண்ணு, டைனோ வீடியோவுல பானெட் திறந்திருக்கும், ஆள் உயர ஃபேன் ஒண்ணு மூஞ்சில ஊதிட்டிருக்கும். அந்த நிலைமைல கோனுக்கு ஜில் காத்து, எதிர்ப்பு கம்மி, ரெண்டும் சேந்து கிடைக்குது. ரோட்ல யாரு பானெட் திறந்து வச்சு ஓட்டறாங்க?

ஜூன் 16

ராம் ஏர் பத்தி. கிரில்லுக்கு நேரா வாய் வச்சா வேகத்துல காத்து தானா திணிஞ்சு வரும்னு. வரும், எவ்வளவு? 100 கிமீ வேகத்துல எதிர்காத்து அழுத்தம் 460 பாஸ்கல் சொச்சம், தண்ணில சொன்னா 4.7 செமீ, அரை சதவீதம் கூட இல்ல. 200 போனா நாலு மடங்கு, 1.8 சதவீதம். பைக் ரேஸ்ல அதனாலதான் அதுக்கு மதிப்பு.

பைப்புக்குள்ள வைக்கற சுழல் தகடு, குட்டி எலக்ட்ரிக் ஃபேன், இதைப் பத்தியும் கேக்கறாங்க. 60 கிராம் காத்தை உண்மையிலயே 0.3 பார் (காத்து மண்டல அழுத்தத்துல பத்துல மூணு பங்கு) அழுத்தினா ரெண்டு கிலோவாட்டுக்கு மேல கரண்ட் வேணும், 12 வோல்ட்ல கிட்டத்தட்ட 200 ஆம்பியர். அந்த ஃபேன்ல இருக்கற வயரைப் பாருங்க, கம்மல் தொங்கட்டான் அளவுக்கு இருக்கு. முழு மிதில அது சுத்தி காத்தைத் தள்றதில்ல, காத்து தள்ளி அது சுத்துது.

ஜூன் 21

எம்.ஏ.எஃப் சென்சார் வச்ச வண்டிக்காரங்க தனியா கவனிங்க. என் வண்டில மேப் சென்சார், மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாத்து கணக்கு போடும், பைப் எதை மாத்தினாலும் அது அசராது. எம்.ஏ.எஃப் அப்படி இல்ல, அது பைப்புக்குள்ள ஒரு சூடான கம்பியை வச்சு காத்து எவ்வளவு வேகமா அதை ஆத்துதுன்னு பாக்குது, பைப்போட குறுக்களவு என்னன்னு ஈசியு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு.

ஒரு நண்பர் போட்ட பைப்ல சென்சார் உக்காரற இடம் 60 மில்லிமீட்டர்லேர்ந்து 68 ஆயிடுச்சு. எட்டு மில்லிமீட்டர் தானேன்னு தோணும், பரப்பளவுல 28 சதவீதம்! அதே காத்து மெதுவா போகுது, சென்சார் கம்மின்னு சொல்லுது, ஈசியு பெட்ரோலைக் கம்மியா ஊத்துது, ஆக்சிஜன் சென்சார் "பத்தல பத்தல"ன்னு கத்துது, ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு கூட ஊத்தற பெட்ரோல் சதவீதம்) ஏறி ஏறி 25ஐத் தாண்டினதும் செக் இன்ஜின் லைட். கோடு பி0171, லீன், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் பத்தல. மெக்கானிக் இன்ஜெக்டரைக் கழட்டி கழுவியிருக்காரு பாவம். பழைய சென்சார் கூட்டையே புது பைப்புல பொருத்தினதும் ரெண்டு நாள்ல ட்ரிம் 3க்கு வந்துடுச்சு.

லைட் எரியாம 15, 20ல நின்னா அதை விட மோசம், ஏன்னா முழு மிதில ஆக்சிஜன் சென்சார் பேச்சை ஈசியு கேக்காது, அட்டவணையைப் பாத்து ஊத்தும். லீனா ஓடற இன்ஜின் கொஞ்ச நேரம் நல்லா இழுக்கற மாதிரியே இருக்கும் வேற. பைப் வாங்கினா குறுக்களவை அளக்க வெர்னியர் காலிப்பர் எடுத்துட்டுப் போங்க, அவ்வளவுதான்.

ஜூன் 22

டர்போவுக்கு இதெல்லாம் பொருந்துமான்னு கேட்டவருக்கு: ஃபில்டர்ல கொஞ்சம் தடுத்தாலும் ஈசியு டர்போவை இன்னும் கொஞ்சம் சுத்த வச்சு அதே பூஸ்டை (டர்போ அமுக்கித் தர்ற அழுத்தம்) கொண்டு வந்துடும், அதனால எதையும் மாத்தாத ஸ்டாக் வண்டில பெருசா தெரியாது. விசில் சத்தம் நல்லா கேக்கும். ட்யூன் பண்ணி பூஸ்ட் ஏத்தினவங்களுக்குத்தான் உண்மையான பலன், காத்து ஓட்டம் ரெண்டு மடங்கானா தடுப்பு நாலு மடங்கு ஏறும்.

ஜூன் 29

தூசு பத்தி யாருமே கேக்கல, எல்லாருக்கும் குதிரைதான் வேணும்.

காட்டன் ஃபில்டர் போட்டு மூணு மாசம் ஓட்டினப்பறம் பாக்ஸுக்கு அப்பறம் இருக்கற பைப்பைக் கழட்டி, உள்ள வெள்ளைத் துணியால ஒரு துடை துடைச்சேன். துணில பவுடர் போட்ட மாதிரி லேசா காவி நிறம். விரல்ல தேச்சா நறநறன்னுது. பேப்பர் ஃபில்டர் இருந்தப்ப இதே துடை துடைச்சிருக்கேன், கொஞ்சம் எண்ணெய்ப் பசை வரும், நறநற வந்ததில்ல. அந்த நறநற சிலிக்கா, இரும்பையே தேய்க்கற ஜாதி, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல உப்புத்தாள் மாதிரி வேலை பாக்கும். இன்ஜின் ஆயிலை லேப்ல கொடுத்தா சிலிக்கான் எண் ஏறி நிக்கும்.

உடனே காட்டனைத் திட்ட வேணாம். மறுபடி கழட்டிப் பாத்தா ரப்பர் விளிம்பு ஒரு மூலைல மடிஞ்சு உக்காந்திருக்கு, அந்த இடத்துல நகம் நுழையற சந்து. தப்பு ஃபில்டர் மேலயா நான் மாட்டினதுலயான்னா பெரும்பாலும் என் மேலதான். சரியா உக்கார வச்சு, துடைச்சு, திரும்ப ஒரு மாசம் விட்டுப் பாத்தேன், துணி கிட்டத்தட்ட சுத்தம். எந்த ஃபில்டர் போட்டாலும் இந்த வெள்ளைத் துணி வைத்தியத்தை பண்ணிப் பாருங்க, கம்பெனிக்காரன் சொல்ற சதவீதத்தை விட நம்பகமானது. சதவீதம்தான் வேணும்னா ஐ.எஸ்.ஓ 5011 டெஸ்ட் ரிசல்ட் இருக்கான்னு கேளுங்க, தூசு பிடிக்கற திறன், தாங்கற அளவு, தடுப்பு மூணும் அதுல வரும். ரிசல்ட் கொடுக்காம "அதிக ஃப்ளோ"ன்னு மட்டும் சொன்னா, சல்லடைக்கும் அதிக ஃப்ளோதான்.

கழுவினப்பறம் எண்ணெயைக் கொட்டாதீங்க. சொட்டற அளவுக்கு ஊத்தினா அது கிளம்பிப் போய் எம்.ஏ.எஃப் கம்பில ஒட்டிக்கும். பேப்பர் ஃபில்டரை கம்ப்ரஸர் வச்சு ஊதறவங்களும் கவனம், கண்ணுக்குத் தெரியாம கிழியும். அப்பறம் இது நம்பவே முடியாது ஆனா நிஜம், பேப்பர் ஃபில்டர் புதுசா இருக்கறப்பதான் தூசு பிடிக்கறதுல கொஞ்சம் வீக், மேல ஒரு படலம் படிஞ்சப்பறம் அந்தப் படலமே ஃபில்டராயிடும். ரொம்ப சீக்கிரம் மாத்தறது சுத்தம் இல்ல, வீண்.

ஜூலை 5

கடைசியா டைமிங். மூணாவது கியர், 60லேர்ந்து 100, ஜிபிஎஸ் ஆப். போறப்ப ஒண்ணு, திரும்பறப்ப ஒண்ணு, மொத்தம் எட்டு ஓட்டம் ஸ்டாக்ல, எட்டு ஓட்டம் கோன்ல. ரெண்டுக்கும் சராசரி ஏழரை செகண்ட். ஏழரை! நமக்கு ஏழரை பிடிச்சது கோன் வாங்கின அன்னைக்கேன்னு மச்சான் சொல்றான்.

ஒவ்வொரு செட்டுக்குள்ளயும் வேகமான ஓட்டத்துக்கும் மெதுவானதுக்கும் 0.3 செகண்ட் வித்தியாசம். ஒரு எச்பி கூடினா 0.1 செகண்ட் கூட குறையாது, அது இந்த ஆட்டத்துக்குள்ள காணாம போயிடும். ஆனா எட்டு ஓட்டத்துலயும் கோன் போட்டப்ப வேகமா போனேன்னு சத்தியம் பண்ணியிருப்பேன், ஆப் மட்டும் இல்லைன்னா. காது அந்த அளவுக்கு ஏமாத்துது.

ஜூலை 12

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கான். என்னைப் பாத்து அவனும் ட்யூப் கட்டியிருக்கான், ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர், பாதி வரைக்கும் தண்ணி (இங்க் கலக்கல, புத்திசாலி). 5000 தாண்டினதும் சர்ருன்னு தண்ணி பூரா இன்ஜின் குடிச்சிடுச்சாம். நான் சிரிச்சிட்டே "நானும் அதே தப்பான ஓட்டைல சொருகினவன்தான், த்ராட்டிலுக்கு முன்னாடி சொருகு"ன்னு எழுதிட்டுப் படுத்துட்டேன்.

ஜூலை 13

ஃபோட்டோ அனுப்பியிருக்கான். ஓட்டை சரியான ஓட்டைதான். ஃபில்டருக்கு அப்பறம், த்ராட்டிலுக்கு முன்னாடி.

அப்ப அந்தத் தண்ணி வெளில போகணும்னா ஒரு மீட்டர் வித்தியாசம், காத்து மண்டலத்துல பத்துல ஒரு பங்கு அங்க சிக்கிட்டிருக்கு. டப்பால எழுதியிருந்த 10 எச்பிக்கு வந்த ஒம்பதுல ஒரு பங்கை நான் நக்கல் பண்ணேன் பாருங்க, இவன் வண்டில கிட்டத்தட்ட அவ்வளவு உண்மையிலயே அடைச்சிட்டிருக்கு.

ஃபில்டருக்கு முன்னாடி, பாக்ஸோட அழுக்குப் பக்கத்துல சொருகிப் பாக்கச் சொன்னேன். அங்கயும் தண்ணி ஓடிடுச்சு. அப்ப தடுக்கறது ஃபில்டரே இல்ல, அதுக்கும் முன்னாடி.

ஜூலை 13, சாயங்காலம்

பிளாஸ்டிக் பை. கிரில்லுக்குப் பின்னாடி ஸ்னார்க்கல் வாய்ல ஒரு பாதிக் கிழிஞ்ச கவர் ஒட்டிக்கிட்டு கிடந்திருக்கு. மெதுவா ஓட்டினா சும்மா தொங்கும், முழு மிதி மிதிச்சதும் உறிஞ்சின வேகத்துல வாயை அப்பிக்கும், கால் எடுத்தா விழுந்துடும். அதனாலதான் நின்ன இடத்துல ரேஸ் பண்ணிப் பாத்த மெக்கானிக்குக்கு எதுவும் தெரியல. எடுத்து எறிஞ்சிட்டு அளந்தா ரெண்டு பக்கமும் கூட்டி 20 செமீ. குதிரை எல்லாம் லீவு முடிஞ்சு வந்தாச்சாம்.

"கொஞ்ச நாளா"ன்னு அவன் மொத நாளே எழுதியிருக்கான். இப்ப மேல போய் படிச்சா கண்ல அடிக்குது. ஃபில்டர் புதுசுன்னும் எழுதியிருக்கான். ஒரு நாள் திடீர்னு போன பவர் டிசைன்ல இல்லாத பவர் இல்ல, எங்கயோ அடைச்ச பவர். அதைக் கேக்காம நான் 60 கிராம், 67 கிராம்னு பாடம் எடுத்துட்டிருந்தேன்.

ஜூலை 16

தம்பி கேக்கறான், "எல்லாம் சரி அண்ணே, ஆனா அந்த சத்தத்துக்காகவாவது கோன் போடலாமா?"

போடு. சத்தம் வேணும்னு வாங்கினா அது ஏமாத்தாது. பாக்ஸ் இருந்த இடத்துலயே வை, ரேடியேட்டர் பக்கம் தகடு தடுப்பு கட்டு, ஸ்டாக் மூக்கை அந்தத் தடுப்புக்குள்ள விடு. பம்பர் அடியில இறக்கற நீளப் பைப் மட்டும் வேணாம், தேங்கின தண்ணில ஒரு தடவ வாயை முக்கினா போதும், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்.

என்னோடதும் தகடு கட்டி திரும்ப மாட்டியாச்சு, நிதானமா ஓடறப்ப 52 இருந்தது இப்ப 41. மச்சான்கிட்ட சொல்லல, சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிட்டான். நீலக் கறை பட்ட சீட்ல இப்பல்லாம் துண்டு விரிச்சுத்தான் உக்காருறான்.